வருக என்றழைக்கும் உலாவிகள்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியராதலின் சிலப்பதிகாரத்தையோ திருக்குறளையோ பற்றி யாம் எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்விரண்டையும் பற்றி எழுத வல்லார் இம்மலரிற் பலருளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணினியிலும் கைபேசியிலும் இணையத்தைத் திறந்து காட்டுங் கருவியாகிய உலாவி, தன் எதிரியின் வாடிக்கையாளரைத் தன்பால் ஈர்ப்பதற்கு எவ்வெவ் வசதிகளைக் காட்டுகின்றது, அவற்றுள் எதற்கு நாம் இணங்கலாம், எதற்கு இணங்கலாகாது என்பதே அது. வணிகர் தம்முட் செய்யும் போட்டியில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அப்போட்டியில் நம் மொழி இருமுறை சிறைப்பட்டது, இருமுறை விடுபட்டது என்பதே எம் விடை.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தார் உலாவி என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் மேலோடி என்று வழங்குகின்றன. மாணவரோ இரண்டையும் விடுத்துக் 'குரோம்' என்றே கூறுவர். ஒரு நிறுவனத்தின் சரக்குக்குரிய பெயர் அச்சரக்கினம் முழுமைக்கும் பெயராகிவிட்டது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலானந்த அடிகளார் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த மண்ணுக்கு அயலில் வாழும் நாம் ஒரு கருவிக்கு இரண்டு பெயரிட்டும் ஒன்றையேனும் வாயாற் சொல்லாதிருப்பது வேடிக்கையே. யாம் ஈண்டு உலாவி என்றே எழுதுகின்றோம்.

உலாவிகளின் போர் பழையது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் நெற்ஸ்கேப் நவிகேற்றர் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் இன்ரநெற் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. நெற்ஸ்கேப் வணிக நிலையங்களிடம் விலை பெற்றது. மைக்ரோசொப்டோ தன் உலாவியை விலையின்றிக் கொடுத்தது. கொடுத்ததுமன்றி, விண்டோஸ் 98 என்னும் இயங்குதளத்தோடு அதனைப் பிரிக்கவொண்ணாதவாறு பிணைத்தும் விட்டது. கணினி வாங்கியவன் வீட்டுக்கு உலாவி தானாகவே வந்து சேர்ந்தது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. எனினும் வழக்கு நடந்துகொண்டிருக்கவே போர் முடிந்துவிட்டது. 2002ஆம் ஆண்டளவில் இணையத்தைப் பார்த்தோருட் பத்துக்கு ஒன்பதின்மர்க்கு மேற்பட்டோர் எக்ஸ்புளோரரிலேயே பார்த்தனர். வென்றபின் நிகழ்ந்ததே கவனிக்கத் தக்கது. ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது. ஏழாம் பதிப்புக்கு உலகம் 2006 வரை காத்திருந்தது. எதிர்க்கடை இல்லாத கடைக்காரன் தன் முற்றத்தைக் கூட்டுவதில்லை.

தோற்ற நெற்ஸ்கேப் 1998இல் தன் மூலநிரலை உலகறியத் திறந்து வைத்தது. அவ்விதையினின்று முளைத்ததே பயர்பொக்ஸ். அதன் முதற் பதிப்பு 2004 நவம்பர் 9ஆம் நாள் வெளிவந்தது. அது காட்டிய ஈர்ப்புகள் எவை? ஒரே சாளரத்துட் பல பக்கங்களைத் தாள் தாளாகத் திறந்து வைத்தல் ஒன்று. இவ்வசதி ஒபராவில் முன்னரே இருந்ததெனினும் பெருந்தொகையினர்க்கு அதனை அறிமுகஞ் செய்தது பயர்பொக்ஸே. கேளாமலே முகத்தின்முன் குதிக்கும் விளம்பரச் சாளரங்களைத் தடுத்தல் மற்றொன்று. யாம் மெச்சுவது மூன்றாவதனை. முதன்முறை திறந்தவுடனே, பழைய உலாவியில் நீர் சேர்த்து வைத்த முகவரிக் குறிப்புகளையெல்லாம் இங்கே கொண்டுவரட்டுமா என்று அது கேட்டது. குடிபெயர அஞ்சுபவன் புதுவீட்டைக் கண்டு அஞ்சுவதில்லை; பெட்டி படுக்கையைத் தூக்கிச் செல்லும் வருத்தத்துக்கே அஞ்சுகின்றான். அவ்வருத்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டவன் நல்ல வணிகன். அவ்வாண்டு டிசெம்பரில் நியூ யோர்க் ரைம்ஸ் நாளிதழில் இரண்டு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. அதற்குப் பணம் கொடுத்தோர் அவ்வுலாவியை விரும்பிய பொதுமக்களே.

இனித் தமிழுக்கு வருவோம். யுனிகோட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டது. விண்டோஸ் 2000இல் லதா என்னும் தமிழ் எழுத்துருவும் வந்தது. ஆயினும் நம் நாட்டில் ஆட்சி செலுத்தியது பாமினி. பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின்மேற் போர்த்த தமிழ்ப் போர்வை. அம்மா என்று நாம் அடிக்கும்பொழுது கணினி தன் உள்ளத்தே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே எழுதிக்கொள்ளும். போர்வையை நீக்கினால் அம்மா இல்லை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை பேயெழுத்தாய்த் தோன்றும். தேடுபொறிக்கு அது தமிழென்றே தெரியாது.

தமிழ்ச் செய்தித்தளங்கள் பல இத்தகைய எழுத்துருக்களிலே இயங்கிய காலத்தில், வாசகன் எழுத்துருவைத் தேடி இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. எக்ஸ்புளோரர் 1997ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு முதல் இதற்கு ஒரு வழி காட்டிற்று. பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்திறங்கும். வாசகன் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. இயங்கு எழுத்துரு என்று அதனைச் சொன்னார்கள். நல்ல வசதியே. ஆனால் அவ்வடிவத்தை எக்ஸ்புளோரர் மட்டுமே வாசித்தது. அதே பக்கத்தைப் பயர்பொக்ஸிற் பார்த்தவனுக்குக் கிடைத்தது பேயெழுத்தே. ஆகவே உலகத்தார் பயர்பொக்ஸுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கையில், ஊர்ச் செய்தி படிக்க விரும்பிய தமிழன் பழைய உலாவியிற் கட்டுண்டு கிடந்தான். யாம் முதற்கண் கூறிய முதற் சிறை இதுவே. பூட்டியவர் மைக்ரோசொப்ட் மட்டுமல்லர். தத்தமக்கென ஓர் எழுத்துருவைச் செய்துகொண்ட நம்மவரும் பூட்டில் ஒரு திருகு திருகினர்.

சிறையை உடைத்தது ஒரு சிறிய துணைநிரல். பத்மா என்பது அதன் பெயர். தெலுங்கு எழுத்துருக்களுக்கென முதலில் அமைக்கப்பட்டுப் பின்னர்த் தமிழ் முதலிய மொழிகளுக்கும் விரிந்தது. பயர்பொக்ஸிற் சேர்த்துக்கொண்டால், பழைய எழுத்துருவில் வரும் பக்கத்தை வரும்போதே யுனிகோட்டாக மாற்றிக் காட்டும். தமிழ்விசை என்ற மற்றொரு துணைநிரல் உலாவிக்குள்ளேயே தமிழை அடிக்கும் வசதியைப் பல விசைமுறைகளில் தந்தது. பட்டிகளும் பொத்தான்களும் தமிழிற் பேசும் பயர்பொக்ஸ் பதிப்பைத் தன்னார்வலர் ஆக்கினர். இலங்கைத் தமிழுக்கென ஒரு தனிப்பதிப்பும் சில காலம் இருந்தது. ஊதியம் பெறாது இவற்றைச் செய்தோரை நம் இலக்கிய வரலாறுகள் குறிப்பதில்லை. பதிப்பாசிரியரைப் போற்றும் நாம் இவர்களையும் போற்றல் வேண்டும்.

பயர்பொக்ஸிலும் குறை இல்லாமலில்லை. பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கி அமைத்த தமிழ்ப் பக்கங்களில், கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து ஆங்காங்கே நின்றன. தமிழ் வலைப்பதிவர் பலர் இதற்காகவே எக்ஸ்புளோரருக்கு மீண்டனர். 2008 யூன் மாதத்தில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அக்குறை நீங்கிற்று. அப்பதிப்பை ஒரே நாளில் 8,002,530 முறை உலகத்தார் இறக்கிக்கொண்டனரென்று கின்னஸ் நூலிற் பதிவாயிற்று. ஆங்கிலம் அறிந்தோர் அந்நாளைச் சாதனை நாளெனக் கொண்டாடினர். கொம்பு எழுத்தோடு மீண்டும் ஒட்டிய நாளென்பதே நமக்கு அதன் சிறப்பு.

இரண்டாஞ் சிறை கைபேசி. கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது ஆகிய நம் கரையூர்களிற் பெரும்பாலோர் இணையத்தை முதன்முதலிற் கண்டது கணினியிலன்று, கைபேசியிலே. அக்காலத்து நோக்கியா முதலிய சிறு பேசிகளோடு வந்த உலாவிகளில் தமிழெழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தோன்றும். மத்திய கிழக்கிற் பணிபுரிந்த மகன் எழுதியதைத் தாய் தன் பேசியிற் கட்டங்களாகக் கண்டாள். இந்நிலையில் ஒபரா மினி வந்தது. அதன் முகவரிப் பட்டையில் ஒபரா, முக்காற்புள்ளி, கொன்பிக் என அடித்து, தோன்றும் பக்கத்தின் கீழே சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டுக என்றிருப்பதற்கு ஆம் என்று இட்டுவிட்டால், தமிழ் தெளிவாகத் தோன்றிற்று. இந்து இளைஞனும் முஸ்லிம் இளைஞனும் ஒருவருக்கொருவர் இம்மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தனர். விளம்பரம் எதுவுமின்றி வாய்மொழியாகவே ஒரு கருவி இவ்வாறு பரவிய வேறு காட்சியை யாம் கண்டிலோம்.

அது செயற்பட்ட விதம் எளியது. பக்கத்தைப் பேசி நேராகப் பெறுவதில்லை. ஒபராவின் வழங்கி பக்கத்தைப் பெற்று, சுருக்கி, தமிழெழுத்துகளைப் படங்களாக வரைந்து பேசிக்கு அனுப்பும். பத்தில் ஒன்பது பங்கு வரை சுருங்குமென்று அந்நிறுவனம் கூறியது. தரவுக்குக் காசு எண்ணிக் கொடுத்தவர்க்கு இஃது இரட்டை இலாபம். ஆயின் இதற்கொரு மறுபக்கமும் உண்டு. இடையில் ஒருவன் வாசித்துச் சுருக்கி அனுப்புகின்றானெனில், நம் கடிதங்களும் கடவுச்சொற்களும் அவன் கைவழியாகவே செல்கின்றன. வங்கிக் கணக்கை அவ்வழியே திறப்பது அறிவுடைமையன்று. கட்டம் கட்டமாகத் தமிழைக் கண்டு வெறுத்திருந்தோர் இதனை எண்ணிப் பார்த்திலர். பசித்தவனிடம் சமையற்கட்டைச் சோதி என்றால் கேட்பானா?

குரோம் 2008 செப்டெம்பரில் வந்தது. அதன் ஈர்ப்பு விரைவு. ஒரு தாள் கெட்டால் மற்றைத் தாள்கள் கெடாவண்ணம் ஒவ்வொன்றையும் தனியே இயக்கியமை மற்றொன்று. நமக்கு இவற்றினும் பெரிதானது மொழிபெயர்ப்பு. 2010 முதல் பக்கத்தை முழுமையாக மொழிபெயர்க்கும் வசதி அவ்வுலாவியிலேயே அமைந்தது. கூகிள் மொழிபெயர்ப்பிற் 2011இல் தமிழும் 2014இற் சிங்களமும் சேர்ந்தன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வெளிவரும் அறிவித்தல்களை நாம் இன்றும் காண்கின்றோம். அவற்றை ஓரளவேனும் விளங்கிக்கொள்ள இவ்வசதி உதவுகின்றது. அது தரும் தமிழ் செம்மையானதன்று. உயர்திணை அஃறிணையாகும், மதிப்புப் பன்மை மறையும், எழுவாய் எங்கோ போய் ஒளியும். மாணவர் அதனைப் பார்த்து எழுதிக் கொணரும் கட்டுரையை முதல் வரியிலேயே யாம் கண்டுகொள்வோம். ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி எதுவென்று அறிய வேண்டியவனுக்கு இலக்கணம் இரண்டாம் பட்சமே. உரிமையாக வரவேண்டிய தமிழைக் கருணையாக ஒரு வணிக நிறுவனம் தருகின்றதே என்ற வருத்தம் மட்டும் எமக்குண்டு.

எக்ஸ்புளோரர் 2022 யூன் மாதத்தோடு ஓய்வு பெற்றது. அதன் வழித்தோன்றலான எட்ஜ் உலாவி இன்று காட்டும் ஈர்ப்புகளுள் ஒன்றை மனமாரப் பாராட்டுகின்றோம். திறந்த பக்கத்தை உரக்க வாசிக்கும் வசதி அது. தமிழ்க் குரல்களுள் இந்தியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்பவற்றோடு இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்ற பெயர்களில் இரு குரல்கள் உள. கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் நாளிதழைக் கேட்டுக்கொண்டிருக்கக் கண்டோம். இதற்காக ஒருவர் உலாவியை மாற்றினாரெனில் அம்மாற்றம் தக்கதே.

அதே எட்ஜ் வேறு விதமாகவும் அழைக்கின்றது. அதிலிருந்து குரோமை இறக்க முனைவோரின் முன் ஓர் அறிவித்தலை விரித்து, எமது உலாவியும் அதே தொழில்நுட்பத்தால் ஆனது, நம்பிக்கைக்கு உரியது என்று தடுத்துப் பேசும். 2021ஆம் ஆண்டில் வந்த ஓர் அறிவித்தல் குரோமை 2008ஆம் ஆண்டுப் பழஞ்சரக்கென்று எள்ளியது. விண்டோஸ் 11 அவ்வாண்டில் வெளிவந்தபோது, இயல்பாகத் திறக்கும் உலாவியை மாற்ற விரும்பியவன் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. முறைப்பாடுகள் எழுந்தபின் மறு ஆண்டு அதனை எளிதாக்கினர். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இசைவின்றியே குரோமில் திறந்திருந்த தாள்கள் எட்ஜுக்கு இழுக்கப்பட்டனவென்று செய்தி வந்தது. பெப்ரவரியில் அதுவும் திருத்தப்பட்டது. கூகிளும் தூயதன்று. தன் தேடற் பக்கத்துக்கு வருவோரிடமெல்லாம் குரோமுக்கு மாறுக என்று அது சொல்லிக்கொண்டே வந்தது. அப்பிளின் சவாரி உலாவியில் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,000 கோடி டொலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியாயிற்று. பயர்பொக்ஸின் வருவாயிற் பெரும்பகுதியும் கூகிள் தரும் பணமே. எதிரியின் சோற்றை உண்டு எதிரியோடு போரிடும் விந்தையை நம் புறத்திணை இலக்கணத்தார் வகுத்திலர்.

மருதமுனை நெசவாளர் தம் சாரத்தின் கரையையும் நிறத்தையும் காட்டி வாங்குவோரை அழைப்பர். அஃது அழைப்பு. அடுத்த கடைக்குச் செல்லும் ஒழுங்கையிற் கயிறு கட்டி, இவ்வழி போகற்க என்று ஒருவன் நிற்பானெனின் அதனை அழைப்பென்று யாரும் சொல்லார். ஐரோப்பிய ஆணைக்குழு இவ்வேறுபாட்டைச் சட்டத்திற் கண்டது. 2009ஆம் ஆண்டின் இணக்கப்படி, 2010 முதல் விண்டோஸ் கணினிகளில் உலாவிகள் பலவற்றையும் நிரையாகக் காட்டித் தெரிவு செய்க என்று கேட்கும் திரை தோன்றிற்று. ஒரு பதிப்பில் அத்திரையைக் காட்டத் தவறியமைக்காக 2013இல் மைக்ரோசொப்டுக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதித்தனர். 2024 மார்ச் முதல் ஐரோப்பாவிற் கைபேசிகளிலும் அத்தகைய தெரிவுத் திரை வந்துள்ளது. கல்முனையில் ஒரு பேசி வாங்குவோனுக்கு அத்திரை தோன்றாது. கடைக்காரர் எதனைத் திறந்து கொடுத்தாரோ அதுவே அவனுக்கு இணையம்.

எல்லா உலாவிகளும் ஒன்றுதானே என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஒபரா 2013இலும் எட்ஜ் 2020இலும் குரோமின் அடித்தளத்தையே தமதாக்கிக்கொண்டன. தமிழெழுத்துகளைக் கொம்போடும் காலோடும் கோத்துக் காட்டும் ஹார்ப்பஸ் என்ற திறந்த நிரல், குரோமுக்கும் பயர்பொக்ஸுக்கும் பொதுவானது. போட்டியிடும் இரு வீட்டாரும் ஒரே தட்டாரிடம் நகை செய்விக்கின்றனர். அதனாலேயே இன்று தமிழ் எதிலும் செம்மையாகத் தோன்றுகின்றது. ஆயினும் அடித்தளம் ஒன்றேயாகி, எதிர்க்கடைகள் யாவும் மூடிவிட்டால், 2001க்கும் 2006க்கும் இடைப்பட்ட உறக்கம் மீளாதென்று யார் உறுதி கூறுவார்? ஈர்ப்புகளும் நிலையானவையல்ல. 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் தன் உட்கட்டமைப்பை மாற்றியபோது, பழைய முறையில் எழுதிய துணைநிரல்கள் அனைத்தும் ஒரே நாளிற் செயலிழந்தன. விரைவுக்கும் பாதுகாப்புக்கும் அம்மாற்றம் வேண்டியதே. எனினும் நம்மவர் பலரை அங்கே அழைத்துச் சென்ற வாயில் அன்று அடைபட்டது.

ஆகவே பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் கடந்து வாழும் நீங்கள் கல்லூரிக் கணினி அறைக்கு அவ்வப்போது கணினிகள் வழங்குகின்றீர்கள். அவற்றில் அடித்தளம் வேறான உலாவிகள் இரண்டாயினும் இருத்தல் வேண்டும். அவற்றின் பட்டிகள் தமிழிலே அமைதல் வேண்டும். ஒன்றிற் சேர்த்த குறிப்புகளையும் கடவுச்சொற்களையும் மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் முறையை ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம். கற்பிப்பதற்கு யாம் ஆயத்தம். சில காலத்துக்கு முன் இப்பகுதி அலுவலகமொன்றின் விண்ணப்பப் படிவம் ஓர் உலாவியில் மட்டுமே திறந்தது. மாணவியர் சிலர் கடைசி நாள் மாலையில் எம்மிடம் ஓடிவந்தனர். மற்றோர் உலாவியும் இருக்கின்றதென்று அறியாமையே அவர்தம் இடர்.

இன்னொன்று, இது வெளிநாட்டாரைக் குறித்ததன்று. வினாத்தாள்களையும் விழா மலர்களையும் இன்றும் நாம் பாமினியிலேயே அடிக்கின்றோம். அச்சில் அழகாக வரும் அவை இணையத்தில் ஏறும்பொழுது எந்த உலாவியாலும் வாசிக்க இயலாத, தேட இயலாத குவியலாகின்றன. உலாவிகள் தம் பூட்டைத் திறந்துவிட்டன. நம் திருகு அப்படியே இருக்கின்றது. இக்கட்டுரையைப் பாமினியில் அனுப்புமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். யாம் யுனிகோட்டிலேயே அனுப்புகின்றோம். மாற்றும் வேலையை அச்சகத்தார் பொறுத்தருள்க. மாற்றிய பின் மூலப்படியை அழித்துவிடாது கல்லூரிக் கணினியில் ஒரு பிரதி வைத்துவிடுமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.